ஜாமுக்குப் பரிசு, ஓவியத்துக்கு ஏமாற்றம்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1930களில் அங்கு நடந்த வட்டாரக் கண்காட்சிக்கு, பக்கத்து ஊர்ப் பண்ணையிலிருந்து ஒரு பாட்டி சில பொருள்களை அனுப்பியிருந்தார். கண்ணாடிப் புட்டிகளில் பதப்படுத்திய பழங்கள், ராஸ்பெரி ஜாம், அவற்றோடு வீட்டில் இருந்தபடியே வரைந்த சில ஓவியங்கள். பழத்துக்குப் பரிசு கிடைத்தது. ஜாமுக்கும் கிடைத்தது. ஓவியங்களை நடுவர்கள் கண்டுகொள்ளவே இல்லை.

அந்தப் பாட்டியின் பெயர் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். பின்னாளில் உலகம் அவரைப் பாட்டி மோசஸ் என்று அழைத்தது. அமெரிக்க அதிபர் அவருக்குப் பியானோ வாசித்துக் காட்டினார். அவர் வரைந்த பனிக்காட்சிகள் வாழ்த்து அட்டைகளாக மில்லியன் கணக்கில் விற்றன. ஏறக்குறைய 78 வயதில் தூரிகையைப் பிடித்து உலகப் புகழ் பெற்றவர் என்றே இவரைப் பற்றிப் பெரும்பாலும் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. தூரிகை தாமதமாக வந்தது சரி. ஆனால் அந்தக் கைகள் அதற்கு முன் எழுபது ஆண்டுகள் சும்மா இருக்கவில்லை. இளையர்களாகிய நீங்கள் இந்த மீதிப் பாதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்னா மேரி 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் கிரீன்விச் என்ற ஊரில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு. பத்துப் பிள்ளைகளில் மூன்றாவது. தந்தை ரஸ்ஸல் ராபர்ட்சன் விவசாயி. சணல் போன்ற ஆளிச்செடியிலிருந்து நார் எடுக்கும் ஆலையும் நடத்தினார். அவருக்குப் படங்கள் மீது ஆசை உண்டு. ஒரு குளிர்காலத்தில் நிமோனியா வந்து வெளியே போக முடியாமல் கிடந்தபோது, பொழுதுபோக வீட்டுச் சுவரிலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டினாராம். பிள்ளைகளுக்கும் மலிவான வெள்ளைத்தாள் வாங்கித் தருவார். மிட்டாயைவிட தாள் நெடுநேரம் பிள்ளைகளைக் கட்டிப் போடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

தாள் வந்தது, வண்ணம் வரவில்லை. அதனால் சிறுமி அன்னா மேரி திராட்சைப் பழத்தையும் பெர்ரிப் பழங்களையும் பிழிந்து, அந்தச் சாற்றால் வண்ணம் தீட்டினாள். படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவு அழகு என்பது அந்த வயதில் அவளுடைய எண்ணம்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 12 வயதில் வீட்டைவிட்டுப் போய், வசதியான ஒரு குடும்பத்தில் வேலைக்காரச் சிறுமியாகச் சேர்ந்தாள். சமைப்பது, துவைப்பது, தைப்பது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறி மாறி வேலை. இடையிடையே கிடைத்த சிறிது பள்ளிப்படிப்போடு கல்வி முடிந்துவிட்டது. இன்று நம் பிள்ளைகள் தொடக்கநிலை இறுதித் தேர்வு எழுதும் வயது அது.

ஆனால் ஒரு வீட்டில் நல்லது ஒன்று நடந்தது. அந்த வீட்டுச் சுவரில் கரியர் அண்டு ஐவ்ஸ் நிறுவனத்தின் அச்சுப் படங்கள் மாட்டியிருந்தன. பனிச்சறுக்கு வண்டிகள், பண்ணை வீடுகள், இலையுதிர்காலக் காடுகள் என அக்கால அமெரிக்க வீடுகளில் பரவலாகத் தொங்கிய படங்கள். வேலை செய்யும் பெண் அவற்றையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்த வீட்டார், அவளுக்குச் சுண்ணக்கட்டியும் மெழுகு வண்ணக்குச்சிகளும் வாங்கிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் வரைந்த பனிக்காட்சிகளைப் பார்த்தால், அந்தச் சுவர்ப் படங்கள் அவர் மனத்தைவிட்டு இறங்கவே இல்லை என்பது தெரியும்.

1887ஆம் ஆண்டு, 27 வயதில், பண்ணைத் தொழிலாளி தாமஸ் சால்மன் மோசஸைத் திருமணம் செய்துகொண்டார். புதுமணத் தம்பதி பிழைப்புத் தேடித் தெற்கு நோக்கி ரயிலேறினார்கள். வடக்கு கரோலினா வரை போக வேண்டியவர்கள், வழியில் வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். ஷெனான்டோவா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் பண்ணைகளில் பாடுபட்டார்கள். அன்னா மேரி தம் சேமிப்பிலிருந்து ஒரு பசு வாங்கினார். பாலைக் கடைந்து வெண்ணெய் விற்றார். உருளைக்கிழங்கைச் சீவிப் பொரித்தும் விற்றார். நாம் இன்று கடையில் பொட்டலமாக வாங்கிக் கொறிக்கும் அதே சீவல்தான். அந்த வட்டாரத்துக்கு அது அப்போது புதுமை.

அங்கே அவருக்குப் பத்துக் குழந்தைகள் பிறந்தன. ஐந்து மட்டுமே உயிர் தப்பின. 1905இல் குடும்பம் நியூயார்க் மாநிலத்துக்குத் திரும்பியபோது, ஐந்து சிறு கல்லறைகளை அந்தப் பள்ளத்தாக்கிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. அவர் ஓவியங்களில் எப்போதும் வெயிலும் சிரிப்பும்தானே இருக்கின்றன, துன்பமே தெரியாத வாழ்க்கை போலும் என்று சிலர் பேசியதுண்டு. ஐந்து கல்லறைகளை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

ஈகிள் பிரிட்ஜ் என்ற ஊரில் பண்ணை வாங்கிக் குடியேறினார்கள். பால், கோழி, தோட்டம், பிள்ளைகள் என்று நாள்கள் ஓடின. 1918இல் ஒருநாள் வரவேற்பறைச் சுவருக்கு வண்ணத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தார் அன்னா மேரி. வேலை முடியும் நேரத்தில் தாள் தீர்ந்துபோனது. கணப்பு அடுப்பு பயன்படாத கோடைகாலத்தில் அதன் வாயை மூடிவைக்க ஒரு பலகை இருக்கும். அந்தப் பலகைக்கு ஒட்டத் தாள் இல்லை. இன்னொரு சுருள் வாங்கி வரலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. கையில் இருந்த வெள்ளைத்தாளைப் பலகைமேல் ஒட்டி, வீட்டில் கிடந்த சாயத்தை எடுத்து, இரு பெரிய மரங்களுக்கு நடுவே நீர்நிலை ஒன்று தெரியும் காட்சியைத் தீட்டிவிட்டார். தாள் பற்றாக்குறையால் பிறந்த அந்த ஓவியம்தான் அவருடைய முதல் பெரிய ஓவியம் என்று இன்று குறிப்பிடுகிறார்கள். பிறகு வீட்டில் இருந்த பழைய மடிப்பு மேசை ஒன்றின் பக்கங்களிலும் இயற்கைக் காட்சிகளைத் தீட்டினார். இந்த மேசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது மீண்டும் வரும்.

1927இல் கணவர் மாரடைப்பால் இறந்தார். பண்ணையைக் கடைசி மகன் ஹியூவும் அவர் மனைவி டோரதியும் நடத்தத் தொடங்கினார்கள். 1932இல், பக்கத்து மாநிலமான வெர்மான்ட்டின் பென்னிங்டன் நகரில் இருந்த மகள் அன்னாவுக்குக் காசநோய் முற்றியது. 72 வயதுத் தாய் அங்கே போய் மகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். நோய்ப்படுக்கையில் இருந்த மகள்தான், கம்பளி நூலால் தைத்த ஒரு படத்தைக் காட்டி, அதைப்போல எனக்கும் செய்து தாருங்கள் என்று தாயிடம் கேட்டார். தாய் தைத்தார். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மேகம், குன்று, ஓடை, வீடு எல்லாமே நூலில். அவற்றைப் பார்ப்பவர்களுக்குக் கொடுத்தும்விடுவார். மகள் பிழைக்கவில்லை. தையல் மட்டும் தங்கிவிட்டது.

இந்தக் கம்பளிப் படங்களை அவருடைய ஓவிய வரலாற்றில் ஒரு அடிக்குறிப்பாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல நிற நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால், தூரத்திலிருந்து பார்க்கும்போது அவை கலந்து ஒரு புதிய பச்சையாகவோ நீலமாகவோ தோன்றும். இதை அவர் ஊசியால் கற்றுக்கொண்டார். பின்னர் வரைந்த மலைகளில் பச்சைமேல் மஞ்சள், மஞ்சள்மேல் பழுப்பு என்று சிறு சிறு தீற்றல்கள் இருப்பதைப் பார்த்தால், அது தையற்காரியின் கை என்பது புரியும்.

மூட்டுவாதம் விரல்களைப் பிடித்தது. ஊசியைப் பிடித்து இழுக்க வலித்தது. தங்கை செலஸ்டியா, தைப்பதைவிட வரைவது எளிதாக இருக்குமே என்று யோசனை சொன்னார். இப்படித்தான், எழுபதுகளின் பிற்பகுதியில், ஊசியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார். கலைமீது திடீரென்று பிறந்த வேட்கை ஒன்றுமில்லை. விரல் வலித்தது, சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வீட்டில் படம் வரையும் எவருக்கும் இது பிடிக்கும்.

முதலில் அவர் தேடுவது சட்டத்தை. பரணிலோ மூலையிலோ கிடக்கும் ஒரு பழைய சட்டம் கிடைத்தால், அதன் அளவுக்குப் பலகையை அறுப்பார். படம் வரைந்துவிட்டுச் சட்டம் தேடுவதில்லை. பலகை, மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் என்னும் கெட்டி அட்டைப்பலகை. கித்தான் துணியைவிட மலிவு, நெடுநாள் உழைக்கும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு. காய்ந்ததும் வீட்டுச் சுவருக்கு அடிக்கும் மினுமினுப்பில்லாத வெள்ளைச் சாயம் மூன்று பூச்சு. வெள்ளை அடியில் இருந்தால் மேலே போடும் வண்ணத்துக்கு உயிர் வரும். விலை கூடிய வண்ணமும் குறைவாகவே செலவாகும். நம் வீட்டுச் சாமான் அறையிலும் கால்வாளி வெள்ளைச் சாயம் எங்காவது உலர்ந்துகொண்டு இருக்கும்; அது எதற்கு ஆகும் என்று நாம் யோசிப்பதில்லை.

வரைவது மேலிருந்து கீழே. முதலில் வானம், பிறகு மலை, குன்று, மரம், வீடு, மாடு, கடைசியில் மனிதர்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து பலகைகளை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வானத்தை முடித்துவிடுவார். பிறகு எல்லாவற்றுக்கும் மலை. ஒருமுறை குழைத்த நீலம் வீணாகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அடுப்பில் ஒரே சூட்டில் நான்கு ரொட்டி சுடுகிற பெண்ணின் கணக்கு இது. மிகச் சிறிய உருவங்களின் கண், வாய் போன்றவற்றுக்குத் தீக்குச்சியும் குண்டூசியுமே தூரிகை. நாளிதழ்கள், மாத இதழ்கள், வாழ்த்து அட்டைகளிலிருந்து குதிரை, வண்டி, ஓடும் சிறுவன் என்று வெட்டி எடுத்த படங்களைச் சேர்த்து வைத்திருப்பார். அவற்றைப் பலகைமேல் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்து, சரியான இடம் வந்ததும் ஓரத்தைக் கோடிட்டு எடுத்துக்கொள்வார். இது திருட்டுத்தானே என்று கேட்கலாம். அந்த மலைகளும் வானமும் ஒளியும் எந்த இதழிலும் வெட்டி எடுக்க முடியாதவை.

பனிக்காட்சிகளில் ஈரம் காயுமுன் மினுக்குத் தூளைத் தூவிவிடுவார். படித்த ஓவியர்களும் ரசிகர்களும் அதை மலிவான வேலை என்று சொல்லிப் பார்த்தார்கள். வெயிலில் பனி மினுங்கத்தானே செய்கிறது என்பது அவர் கட்சி. கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தந்திக்கம்பத்தையும் டிராக்டரையும் மட்டும் படத்தில் சேர்க்க மாட்டார். தாம் சிறுமியாக இருந்தபோது பார்த்த ஊரையே வரைந்தார்.

இவ்வளவும் நடந்தது தனி ஓவியக்கூடத்தில் அல்ல. பண்ணை வீட்டுக்குள், அந்த மடிப்பு மேசையின்மேல்.

அருகில் உள்ள ஹூசிக் ஃபால்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு மருந்துக்கடை இருந்தது. வீட்டுப் பெண்கள் செய்யும் கைவினைப் பொருள்களை அங்கே விற்பனைக்கு வைப்பார்கள். பாட்டியின் ஓவியங்களும் அங்கே தூசி படிந்து கிடந்தன. 1938இல் லூயிஸ் கால்டோர் என்ற பொறியாளர் அந்த ஊர் வழியாகப் போனார். நியூயார்க் நகரைச் சேர்ந்த அவருக்கு ஓவியம் சேகரிக்கும் பழக்கம் உண்டு. கடையில் இருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். விலை, அளவைப் பொறுத்து 3 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி வரை. வரைந்தவர் யார் என்று விசாரித்துக்கொண்டு பண்ணைக்கே போய்விட்டார்.

பாட்டி வீட்டில் இல்லை. மருமகள் டோரதி, மாமியாரிடம் இன்னும் பத்துப் படங்கள் இருக்கின்றன, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். இரவு வீடு திரும்பிய மாமியார் தேடிப் பார்த்தால் ஒன்பதுதான் இருந்தது. வருபவர் பத்துக்கு அல்லவா வருகிறார்! கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். ஒரு பெரிய படத்தை எடுத்தார், நடுவில் அறுத்து இரண்டாக்கினார், இரண்டுக்கும் பழைய சட்டம் தேடிப் போட்டார். மறுநாள் கால்டோர் வந்தபோது பத்துப் படங்கள் தயாராக இருந்தன. அவரை ஓவியராக மட்டும் பார்ப்பவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். வெண்ணெய் விற்றுக் குடும்பம் நடத்தியவராகப் பார்த்தால் வியப்பே இல்லை.

கால்டோர் அவருக்கு நல்ல வண்ணங்களை அனுப்பி உற்சாகப்படுத்தினார். படங்களைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் நகரின் ஓவியக்கூடங்களில் படியேறினார். படங்களைப் பார்த்துப் பாராட்டியவர்கள்கூட, வரைந்தவருக்கு வயது என்ன என்று கேட்டதும் பின்வாங்கினார்கள். ஒரு புதிய ஓவியரை மக்களிடம் அறிமுகப்படுத்தப் பல ஆண்டுகள் பணம் போட வேண்டும்; எண்பதை நெருங்கும் பெண்மணி எத்தனை நாள் இருப்பார் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பது பின்னால் தெரிந்தது. அவர் இன்னும் இருபது ஆண்டுகளுக்குமேல் வரைந்துகொண்டிருந்தார்.

1939இல் நியூயார்க் நவீனக் கலை அரும்பொருளகத்தில், பெயர் தெரியாத ஓவியர்களுக்கான ஒரு கண்காட்சியில் அவருடைய மூன்று படங்கள் இடம்பெற்றன. அது உறுப்பினர்கள் மட்டுமே பார்த்த காட்சி. உண்மையான கதவு திறந்தது 1940 அக்டோபரில். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்தபின் வியன்னாவிலிருந்து தப்பி வந்திருந்த ஓட்டோ காலிர், தம் சிறிய ஓவியக்கூடத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார். நாடிழந்து வந்த ஒருவர், நாட்டுப்புறத்தைவிட்டு நகராத ஒருவரை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பாட்டி அந்தக் கண்காட்சிக்கே போகவில்லை. தம் படங்கள்தானே, ஏற்கெனவே பார்த்தவைதானே என்று இருந்துவிட்டாராம்.

ஒரு மாதம் கழித்து, நன்றி நவிலும் நாளையொட்டி கிம்பல்ஸ் பேரங்காடி அதே ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து அவரையும் அழைத்தது. இம்முறை வந்தார். தொப்பியும் கழுத்தில் பின்னல் பட்டியும் அணிந்து, கூட்டத்துக்கு முன் நின்று, ஓவியத்தைப் பற்றிப் பேசுவார் என்று எல்லாரும் காத்திருக்க, ஜாம் செய்வது எப்படி என்று விளக்கினார். கொண்டுவந்த ரொட்டியையும் ஜாமையும் காட்டினார். நாளிதழ்களுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. பாட்டி மோசஸ் என்ற பெயரும் நிலைத்தது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஹால்மார்க் வாழ்த்து அட்டைகள், திரைச்சீலைத் துணிகள், தட்டுகள் என அவர் ஓவியங்கள் வீடுதோறும் போயின. 1949இல் வாஷிங்டனில் அதிபர் ட்ரூமன் கையால் விருது வாங்கினார். தேநீர் வேளையில்தான் அதிபர் அவருக்காகப் பியானோ வாசித்தார். அதே ஆண்டில்தான் மகன் ஹியூவும் இறந்தார். 1953இல் டைம் இதழின் அட்டையில் பாட்டியின் படம் வந்தது. ஐரோப்பிய நகரங்களிலும் கண்காட்சிகள் நடந்தன.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. அதே ஆண்டுகளில் ஜாக்சன் பொல்லாக் நியூயார்க்கில் துணியைத் தரையில் விரித்துச் சாயத்தைச் சொட்டவிட்டு, ஓவியம் என்றால் என்ன என்பதையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தினருக்குப் பாட்டியின் பனிவண்டிகள் வெறும் இனிப்பு மிட்டாய். ஒரு வேடிக்கை என்னவென்றால், பொல்லாக் பயன்படுத்தியதும் வீட்டுக்கு அடிக்கும் சாயம்தான்.

1960இல் அவருக்கு நூறு வயது நிறைந்தபோது, நியூயார்க் ஆளுநர் ராக்கஃபெல்லர் பிறந்தநாளைப் பாட்டி மோசஸ் நாளாக அறிவித்தார். அதற்குப் பிறகும் 25 படங்கள் வரைந்தார். மொத்தம் 1,500க்கும் அதிகம். 1961இல் உடல் தளர்ந்ததும் மருத்துவர் அவரை ஹூசிக் ஃபால்ஸில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்; அங்கே வரையக்கூடாது என்று தடை. பாட்டி மருத்துவரின் இதயத்துடிப்புமானியை ஒளித்துவைத்துவிட்டு, தம்மை வீட்டுக்கு அனுப்பினால்தான் அதைத் திருப்பித் தருவேன் என்று பேரம் பேசியதாகச் சொல்வார்கள். பேரம் படியவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் தேதி, 101 வயதில், அங்கேயே கண்ணை மூடினார்.

அவர் கடைசியாக முடித்த படம் ஒரு வானவில். வயலில் அறுவடை நடக்கிறது, வண்டியில் வைக்கோல் ஏறுகிறது, யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. பென்னிங்டன் நகரின் அரும்பொருளகத்தில் அவருடைய ஓவியங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே அந்தப் பழைய மடிப்பு மேசையும் நிற்கிறது, பக்கமெல்லாம் அவரே தீட்டிய காட்சிகளோடு.